உழாமல் விட்ட நிலத்தின் வாடகை

அமெரிக்காவின் மேற்குக் கான்சாஸில் உள்ள ஒரு சிறு நகரத்தின் வரிக்கணக்கு அலுவலகத்தில் 2013ஆம் ஆண்டு முதல் வேலை பார்த்து வருகிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கோதுமையும் சோளமும் விதைக்கிற விவசாயிகள், அல்லது அந்த விவசாயிகளின் நிலத்தைப் பெற்றுக்கொண்டு அதைக் குத்தகைக்கு விட்டிருக்கும் மனைவியர், பிள்ளைகள். மொத்த வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்காவது விவசாயத்திலிருந்து வருமானால், மார்ச் 1ஆம் தேதிக்குள் கணக்கைத் தாக்கல் செய்து வரி முழுவதையும் கட்டிவிடுகிறவர்களுக்கு, ஆண்டின் நடுவே முன்வரித் தவணைகள் கட்டாததற்கான அபராதம் கிடையாது. அதனால் பிப்ரவரி மாதம் முழுவதும் எங்கள் மேசைகளில் பழுப்பு உறைகள் குவிந்து கிடக்கும். அந்த உறைகளில் அநேகமாக எல்லாவற்றிலும் 1099-ஜி என்ற ஒரு படிவம் இருக்கும். அந்த ஆண்டில் அரசு அந்த விவசாயிக்குக் கொடுத்த பணத்தின் கணக்கு அது.

அதில் உள்ள தொகைகளில் நான் இங்கே எழுத நினைப்பது ஒன்றைப் பற்றித்தான். கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம் என்று சட்டம் சொல்கிற, எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டம் போன்ற எங்கள் நிர்வாகப் பகுதியில், சிறு குழந்தை முதல் சி.ஆர்.பி. என்றே சொல்கிற திட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிற பணம் அது. யாருக்கு எவ்வளவு போயிற்று என்பது பொதுத் தகவல் என்பதால், கவுண்டியின் பட்டியலைப் பார்த்துவிட்டு, பயிர் வைக்காமல் சும்மா இருப்பதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று வருத்தத்தோடும் கோபத்தோடும் பேசுகிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது, அது உண்மையில் எதை வாங்குகிறது, எங்கே தவறிவிடுகிறது என்பதைப் பட்டியலிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது.

ஏற்பாடு இதுதான். காற்றாலும் நீராலும் மண் எளிதில் அரிக்கப்படும் உழவு நிலத்தை அதன் உரிமையாளர் பத்து முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு உழவிலிருந்து விலக்கி, அதில் புல் விதைத்துப் பராமரிப்பதாக ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அரசு, அந்தக் கவுண்டியில் மானாவாரி நிலம் சராசரியாக என்ன குத்தகைக்குப் போகிறது, அந்த வயலின் மண் எத்தகையது என்பவற்றைக் கணக்கிட்டு ஆண்டு வாடகை கொடுக்கிறது. புல் விதைக்கும் செலவில் ஏறத்தாழப் பாதியையும் ஏற்றுக்கொள்கிறது. அரைச் செக்‌ஷன், அதாவது 320 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,800 டாலர் வரும். ஒருவர் ஓர் ஆண்டில் பெறக்கூடிய வாடகைக்கு 50,000 டாலர் என்ற உச்சவரம்பும் உண்டு. நடுவில் மனம் மாறி உழுதுவிட்டால், அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஓர் ஆண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்கை இழப்பீடாகவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சும்மா இருப்பதற்குக் கிடைக்கும் பணம் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தையும் படித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தப் பணம் என்ன வகையானது என்ற கேள்விக்கு நீதிமன்றங்களே ஒருமித்த விடை சொல்லவில்லை. நிலத்தின் வாடகை என்றால் சுயதொழில் வரியான 15.3 விழுக்காடு அதற்குக் கிடையாது. தொழில் வருமானம் என்றால் உண்டு. 2000ஆம் ஆண்டில் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், விவசாயம் செய்கிறவர் ஒருவருடைய வழக்கில், அது தொழில் வருமானமே என்றது. 2014இல் எட்டாவது வட்ட நீதிமன்றம், தாமே விவசாயம் செய்யாத ஒருவருடைய வழக்கில், அது வாடகையே என்றது. வருமானவரித் துறை அந்தத் தீர்ப்பைத் தான் பின்பற்றப் போவதில்லை என்று அறிவித்தது. ஓய்வூதியமாகவோ உடல் இயலாமைக்காகவோ சோஷியல் செக்யூரிட்டி பெறுகிறவர்களுக்கு மட்டும் 2008ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் இந்த வரியிலிருந்து தெளிவான விலக்குக் கொடுத்தது. எழுபது வயதைக் கடந்த ஒரு வாடிக்கையாளருக்கு அந்த விலக்கைக் கணக்கில் எழுதும்போதெல்லாம், இந்தப் பணம் யாரைப் போய்ச் சேருகிறது என்பதும் எனக்கு நினைவுக்கு வரும். உழவை விட்டு விலகிய முதியவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருகிற வருமானம். வறட்சியோ ஆலங்கட்டி மழையோ அதைத் தொடுவதில்லை.

இந்தத் திட்டம் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, நான் மார்ட்டன் கவுண்டியில் எல்க்ஹார்ட் என்ற ஊருக்கு அருகில் இருக்கும் சிமரான் தேசியப் புல்வெளிக்குப் போயிருக்கிறேன். ஏறத்தாழ 1,08,000 ஏக்கர் பரப்புள்ள அந்தப் புல்வெளி ஒரு காலத்தில் உழப்பட்ட தனியார் வயல்களாக இருந்தது. 1930களின் வறட்சியில் அந்த வயல்களின் மேல்மண் காற்றோடு போயிற்று. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி, கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்லப்படுகிற அந்த நாளில், பட்டப்பகலில் டாட்ஜ் சிட்டி இருண்டது. அதற்குப் பதின்மூன்று நாட்கள் கழித்து, ஏப்ரல் 27ஆம் தேதி, மண் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மண் பாதுகாப்புக்கென்று ஒரு நிரந்தரத் துறை அந்தச் சட்டத்தால்தான் உருவாயிற்று; ஹியூ ஹேமண்ட் பென்னட் அதன் முதல் தலைவர். ஒருவருக்கும் பயன்படாமல் போன சிமரான் பகுதி நிலங்களை அரசு விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது. இன்று அங்கே நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டியவரை புல் அசைகிறது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் புல்வெளியை யாரும் உழவில்லை, ஏனென்றால் அது அரசின் உடைமை. நான் இங்கே சொல்ல வந்த விஷயத்தின் முனை அதில்தான் இருக்கிறது: அரசு விலைக்கு வாங்கிய புல் நிலைத்துவிட்டது, வாடகைக்கு எடுத்த புல் நிலைக்கவில்லை.

வாடகைக்கு எடுப்பது சி.ஆர்.பி. வந்த 1985இல் தொடங்கியதும் அல்ல. 1956இல் ஐசன்ஹோவர் ஆட்சியில் சாயில் பேங்க் என்ற திட்டம் வந்தது. அதன் கீழ் நீண்டகால ஒப்பந்தத்தில் 1960ஆம் ஆண்டில் 2 கோடியே 80 லட்சம் ஏக்கருக்கு மேல் உழவிலிருந்து விலகியிருந்தது. அந்த ஒப்பந்தங்கள் 1970களின் தொடக்கத்தில் முடிந்து தீர்ந்தன. அதே வேளையில் 1972இல் சோவியத் ஒன்றியம் அமெரிக்கக் கோதுமையைப் பெருமளவில் வாங்கியதால் விலை ஏறிற்று. வேளாண் அமைச்சராக இருந்த ஏர்ல் பட்ஸ் வேலிக்கு வேலி விதைக்கச் சொன்னார். புல்லாக இருந்தது மீண்டும் வயலாயிற்று. அடுத்த பத்தாண்டில் மண் அரிப்பும் விளைபொருள் தேக்கமும் ஒருசேர வந்தபோது, 1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக சி.ஆர்.பி. பிறந்தது. அந்தச் சட்டம், எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பாதுகாப்பு முறைகள் இல்லாமல் உழுகிறவர்களுக்கும் ஈரநிலத்தை வடித்துப் பயிர் செய்கிறவர்களுக்கும் மற்ற மானியங்களை நிறுத்தலாம் என்ற நிபந்தனையையும் கொண்டுவந்தது. இவை இரண்டும், உழாமல் விதைக்கும் முறையின் பரவலும் சேர்ந்து பலன் கொடுத்தன. அரசின் நில ஆய்வுக் கணக்கின்படி, நாடு முழுவதும் உழவு நிலத்தில் காற்றாலும் நீராலும் ஆண்டுக்கு அரிக்கப்பட்ட மண் 1982இல் சுமார் 300 கோடி டன்னாக இருந்து, 2007இல் சுமார் 170 கோடி டன்னாகக் குறைந்தது. எந்த மானியத்துக்கும் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது என்பது என் எண்ணம்.

சி.ஆர்.பி.யில் இருந்த நிலம் உச்சத்தை எட்டியதும் அதே 2007இல்தான்: 3 கோடியே 68 லட்சம் ஏக்கர். பிறகு மக்காச்சோளத்தின் விலை ஏறத் தொடங்கி, 2012 வறட்சியின்போது, இங்கே தானியத்தை அளக்கும் புஷல் ஒன்றுக்கு 7 டாலரைத் தாண்டியது. ஏக்கருக்கு நாற்பது டாலர் வாடகை அந்த விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. போதாததற்கு, திட்டத்தில் சேர்க்கக்கூடிய மொத்த ஏக்கரின் உச்சவரம்பையும் நாடாளுமன்றம் 2008இல் 3 கோடியே 20 லட்சமாகவும் 2014இல் 2 கோடியே 40 லட்சமாகவும் குறைத்தது. அதாவது புதுப்பிக்க விரும்பியவர்களுக்கும் இடமில்லாமல் போயிற்று. 2018ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சற்று உயர்த்தி 2 கோடியே 70 லட்சமாக்கியது. நான் வேலையில் சேர்ந்த முதல் வசந்தத்தில், அலுவலகத்துக்குப் போகும் சாலையின் இருபுறமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் புல்லாக நின்ற வயல்கள் களைக்கொல்லி தெளிக்கப்பட்டு மஞ்சளாகி, பிறகு உழப்பட்டதைப் பார்த்தேன். கணக்கு எழுதுகிறவளாக நான் அந்த விவசாயிகளைக் குறை சொல்ல முடியாது; அவர்களுடைய எண்களை நான்தான் கூட்டிப் பார்த்தேன், உழுவதற்கே சாதகமாக இருந்தன.

அப்படி ஒரு பருவத்தில் அழிகிற புல்வெளி ஒரு பருவத்தில் வருவதில்லை என்பதைத்தான் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் முதல் ஆண்டு சோளத்தையோ அது போன்ற ஒன்றையோ மூடுபயிராக விதைத்து, அதன் தாளை நிலத்திலேயே நிற்கவிட்டு, அடுத்த ஆண்டு அந்தத் தாளுக்கு நடுவே புல்விதையைத் துளையிட்டு விதைப்பார்கள். இளம் நாற்றைக் காற்றிலிருந்து அந்தத் தாள்தான் காக்கிறது. லிட்டில் புளூஸ்டெம், சைடோட்ஸ் கிராமா, புளூ கிராமா, சுவிட்ச் கிராஸ் என்று இந்த மண்ணுக்குரிய புல்வகைகளில் பெரும்பாலானவற்றின் விதை பஞ்சுபோல் இலேசானது. சாதாரண விதைப்புக் கருவியில் இறங்காது, தனிக் கருவி வேண்டும். முதல் ஆண்டில் வயலைப் பார்த்தால் களை மட்டுமே தெரியும். பணத்தைத் தொலைத்துவிட்டோம் என்று விவசாயி நினைக்கிற அந்தக் கோடையில் புல் தன் உயிரையெல்லாம் வேரில் இறக்கிக்கொண்டிருக்கும். நல்ல மழை இருந்தாலும் வயல் புல்வெளி என்று சொல்லும்படி ஆக இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வறட்சி வந்தால் மறுபடியும் விதைக்க வேண்டியிருக்கும். அதன் பிறகும் களை எடுப்பது, எரிப்பது, ஒப்பந்தத்தின் நடுவில் புல்லைப் புதுப்பிப்பது என்று வேலைகள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் அந்த நாட்களில் கருவியோடு உள்ளே போகக் கூடாது.

அந்தப் பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனமில்லை. லெஸ்ஸர் பிரெய்ரி சிக்கன் என்ற, கோழி அளவுள்ள பழுப்புநிறப் பறவை இந்தச் சமவெளியிலேயே வாழ்வது. வசந்தத்தில் விடியற்காலையில் ஆண் பறவைகள் குட்டைப்புல் மேட்டில் கூடிக் கழுத்துப் பையை ஊதி முழங்கிக்கொண்டே காலைத் தட்டி ஆடும். ஆர்கன்சா ஆற்றுக்கு வடக்கே கான்சாஸில் அது பெருகியதற்கு, இங்கே சி.ஆர்.பி. நிலங்களில் அந்நியப் புல்லை விதைக்காமல் நாட்டுப் புல்லை விதைத்ததே முக்கியக் காரணம் என்று பறவை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வாடகைக்கு எடுத்த வயலில் அது கூடு கட்டுகிறது. ஒப்பந்தம் செப்டம்பர் 30ஆம் தேதி முடிகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு புல்லை அப்படியே வைத்துக்கொண்டு மாடு மேய்க்கலாமே என்று கேட்கத் தோன்றும். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் கேட்டேன். அதற்கு விடையை ஒரு வாடிக்கையாளரின் வயலில் போய் நின்றபோதுதான் கண்டேன். அந்த அம்மாவின் கணவர் 1980களின் இறுதியில் தம் நிலத்தில் மணற்பாங்கான 320 ஏக்கரைப் புல்லுக்கு விட்டார். இரண்டு முறை புதுப்பித்தார். மூன்றாவது ஒப்பந்தத்தின் நடுவில் இறந்துபோனார். ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது, மகன் விவசாயத்துக்குத் திரும்பி வந்து, அந்த நிலத்தை உழலாமா என்று கணக்குப் போட்டுத் தரச் சொன்னார். மூவரும் வயலுக்குப் போனோம். இடுப்பளவு புல், நல்ல மண் வாசனை. ஆனால் அரைச் செக்‌ஷன் முழுவதிலும் ஒரு வேலிக்கம்பம் இல்லை, ஒரு வாளித் தண்ணீருக்கு வழியில்லை. கோதுமை வயலாக இருந்த இடம் அது. கோதுமைக்கு வேலி எதற்கு, தொட்டி எதற்கு? முப்பது ஆண்டுகள் அரசு அந்தப் புல்லுக்கு வாடகை கொடுத்தது. அந்தப் புல்லைக் கொண்டு ஒருவர் பிழைப்பு நடத்தத் தேவையான இரண்டு பொருள்களும் மட்டும் அந்தக் காலம் முழுவதும் அங்கே வந்து சேரவில்லை. மூன்று மைல் சுற்றளவுக்கு முள்கம்பி வேலி, ஆழ்துளைக் கிணறு, சூரிய ஒளியில் ஓடும் பம்பு, குழாய், தொட்டி என்று செலவைக் கூட்டினால், ஏற்கெனவே சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கும் ஒருவருக்கு உழுவதே மலிவு.

இதைத்தான் இந்தத் திட்டத்தின் பெரிய குறையாக நான் கருதுகிறேன். உயர்ந்த விலை ஒருமுறை வந்தால் போதும், பத்தாண்டு வாடகை வாங்கிக்கொடுத்த பலனெல்லாம் ஒரே வசந்தத்தில் போய்விடுகிறது. 1970களில் அதுதான் நடந்தது, 2007க்குப் பிறகும் அதுவே நடந்தது. வாடகையை விலையோடு போட்டியிடும் அளவுக்கு உயர்த்த முடியாது, உயர்த்தவும் கூடாது என்று நினைக்கிறேன். 2018ஆம் ஆண்டுச் சட்டம் கவுண்டியின் சராசரிக் குத்தகையில் 85 விழுக்காடு என்று, எல்லோரும் போட்டியிட்டுச் சேரும் பொதுச் சேர்க்கையின் வாடகைக்கு வரம்பு வைத்தது சரியானதே, ஏனென்றால் அரசு கொடுக்கும் வாடகை கூடினால் நிலம் தேடும் இளம் விவசாயி குத்தகைச் சந்தையில் அரசோடு போட்டியிட வேண்டியிருக்கும். ஆனால் ஒப்பந்தம் முடிவதற்குள் வேலிக்கும் தண்ணீருக்கும் கொடுக்கப்படுகிற ஒரு டாலர், அதன் பிறகு இருபது ஆண்டுகள் யாரும் வாடகை கொடுக்காமலேயே அந்தப் புல்லைக் காக்கும். மாட்டுக்காரருக்குப் புல் சொத்து. அவர் அதை உழ மாட்டார்.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஈக்விப் என்று இங்கே சொல்லப்படும், 1996ஆம் ஆண்டின் வேளாண் சட்டத்தில் வந்த மற்றொரு திட்டம், இத்தகைய வேலைகளுக்கான செலவில் பெரும்பாலும் 75 விழுக்காடு வரையிலும், புதிதாக விவசாயத்துக்கு வருகிறவர்களுக்கு 90 விழுக்காடு வரையிலும் கொடுக்க முடியும். ஆனால் அது தனி அலுவலகத்தின் தனி விண்ணப்பம், தனி வரிசை. சி.ஆர்.பி.யின் பணத்தை வேளாண் சேவை முகமை கொடுக்கிறது. ஈக்விப்பை இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை நடத்துகிறது. இரண்டும் பல கவுண்டிகளில் ஒரே கட்டடத்தில் இருந்தாலும், ஒன்றின் ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் மற்றதன் பணம் வரும் நாளுக்கும் தானாக ஒரு பொருத்தம் ஏற்படுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது என்ற விதியும் உண்டு. அவசரப்பட்டுக் கிணற்றைத் தோண்டிவிட்டு, பிறகு விண்ணப்பத்தோடு போன ஒருவர் அந்தச் செலவு முழுவதையும் தாமே சுமந்ததை எங்கள் அலுவலகத்தில் கண்டிருக்கிறேன். ஆகவே நான் இப்போதெல்லாம் ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே வாடிக்கையாளர்களிடம் அந்த வேலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறேன். வரிக்கணக்கு எழுதுகிறவளுக்கு இது வேலையா என்று கேட்டால், அவர்களுடைய ஒப்பந்தம் முடியும் தேதி அவர்களைவிட எனக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பட்டியலைக் கண்டு கோபப்படுகிறவர்களின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். வாடகை நிலத்தின் உரிமையாளரை நோக்கித்தான் போகிறது. குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவருக்கு நியாயமான பங்கு கிடைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்துக்கு முந்தைய ஆண்டே குத்தகை முடிந்திருந்தால் அவர் அந்தப் பேச்சிலேயே இல்லை. உரிமையாளர்களில் பலர் இந்தக் கவுண்டியிலும் இல்லை. டென்வரிலோ டாலஸிலோ இருக்கிறார்கள், பணமும் அங்கே போகிறது. உழாத நிலத்துக்கு உரம் வேண்டாம், டீசல் வேண்டாம், தானியக் கிடங்குக்கு லாரியும் போகாது. அதை நம்பியிருக்கும் கடைகளும் வேலைகளும் சுருங்கும். ஒரு கவுண்டியின் பயிர்நிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு அதற்காகத்தான் வைக்கப்பட்டது. அந்தப் புல்லில் மாடு மேய்ந்தால் வேலி போடுகிறவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் தீவனக் கடைக்கும் வேலை இருக்கும் என்பதால், இந்தக் குறைக்கும் ஓரளவு பதில் அந்த வேலியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நிலைத்து நிற்கிற ஒன்றைப் பணம் கொடுத்து வாங்க முடியும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. ஓகல்லாலா நிலத்தடி நீர் மேற்குக் கான்சாஸில் பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. 2007இன் இறுதியில் மேல் ஆர்கன்சா ஆற்றுப் பகுதிக்கென்று மாநில அரசும் மத்திய அரசும் சேர்ந்து தொடங்கிய சி.ஆர்.பி. கிளைத் திட்டத்தில், பாசன நிலத்தைப் புல்லுக்கு விடுகிறவர் அந்த நிலத்தின் நீர் உரிமையையும் நிரந்தரமாகக் கைவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். நிலத்தின் ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். பிறகு மானாவாரியாக அவர் என்ன செய்தாலும் சரி, அந்தக் கிணறு மறுபடியும் பாசனத்துக்கு ஓடாது. மக்காச்சோளத்தின் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த முடிவு மாறாது. இந்த ஒரு விதியை எழுதியவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அந்த அம்மாவின் நிலத்துக்கு வருகிறேன். மகனுக்கு விவசாயத்தில் பத்து ஆண்டு நிறையவில்லை என்பதால் புதியவர் என்ற தகுதி இருந்தது. ஈக்விப்புக்கு விண்ணப்பித்தார்கள், முதல் முறை தரவரிசையில் வரவில்லை, அடுத்த சுற்றில் கிடைத்தது. பண முன்தொகையாகப் பாதி வந்ததால் கடன் அதிகம் வாங்க வேண்டியிருக்கவில்லை. கிணறும் தொட்டியும் வந்துவிட்டன. தெற்குப் பக்கத்து வேலி சென்ற குளிர்காலத்தில் முடிந்தது, வடக்குப் பக்கம் இன்னும் முக்கால் மைல் மிச்சம் இருக்கிறது. இந்தப் பிப்ரவரியில் அவர்களுடைய உறையில் சி.ஆர்.பி.க்கான 1099-ஜி இருக்கவில்லை. கன்றுகள் விற்ற ரசீது ஒன்று இருந்தது. தொகை பழைய வாடகையைவிடக் குறைவுதான். அதை விவசாய வருமானத்தில் எழுதினேன். வேலிக்கும் பம்புக்கும் தேய்மானம் கணக்கிட்டேன். மார்ச் 1க்கு நான்கு நாட்கள் இருக்கும்போது அம்மாவும் மகனும் வந்து கையெழுத்திட்டுப் போனார்கள்.